மாளிகை காலியாகக் கிடந்த காலம்

மகள் தேனிலவுக்கு இடம் தேடிக்கொண்டிருந்தாள். கல்யாணத்துக்கு இன்னும் சில மாதங்கள் இருந்தன. சிட்னி நார்த்மீட்டில் எங்கள் வீட்டுக் குசினி மேசையில் மடிக்கணினியை விரித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நாடாகத் திறந்து பார்ப்பதும் மூடுவதுமாக இருந்தாள். நான் எதிர்க் கதிரையில் இருந்து பயிற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று திரையை என் பக்கம் திருப்பினாள்.

“அம்மா, லுக். இதுதானே நீங்களும் அப்பாவும் இருந்த காஸில்?”

எனக்கு முதலில் அடையாளம் பிடிபடவில்லை. நாங்கள் இருந்த மாளிகை அழுக்குச் சாம்பல் நிறம். மழை பெய்தால் சுவர்ப் பூச்சு கட்டி கட்டியாக விழும். திரையில் இருந்ததோ வெண்ணெய் நிறத்தில் பளபளத்தது. ஜன்னலுக்கு ஜன்னல் வெள்ளைச் சட்டம். பின்பக்கத்தில் குட்டைப் புதர்களைக் கோலம் போட்டதுபோல் வெட்டி, நடுவே பூ நட்டிருந்தார்கள். இது வேறு யாருடையதோ என்றுதான் நினைத்தேன். பிறகு வாசல் படியைப் பார்த்தேன். இரண்டு பக்கமும் கல் சிங்கங்கள். எங்கள் காலத்தில் இடது பக்கச் சிங்கத்துக்குக் கீழ்த்தாடை இல்லை. அதற்குப் புதுத் தாடை வைத்திருந்தார்கள். தாடையின் கல் மட்டும் கொஞ்சம் வெளிறிப்போய்த் தெரிந்தது.

“ஓம், இதுதான்” என்றேன். கையில் இருந்த பயிற்றங்காயை வைத்துவிட்டேன்.

எங்கள் பெண் சின்ன வயதில் செவன் ஹில்ஸ் பள்ளிக்கூடத்தில், தன் தாய் தகப்பன் மாளிகையில் வாழ்ந்தவர்கள் என்று சொல்லித் திரிந்தவள். பெற்றோர் கூட்டத்தில் ஆசிரியை என்னிடம், நீங்கள் ராச குடும்பமோ என்று மரியாதையோடு விசாரித்தாள். நான் அன்றைக்கு வேலைக்குப் போட்டிருந்த துப்புரவுச் சட்டையோடேயே வந்திருந்தேன். என்ன சொல்வது? நாங்கள் அகதிகள், ஜேர்மன்காரன் தங்க வைக்க வேறு இடமில்லாமல் எங்களை மாளிகையில் போட்டான் என்று விளக்க, அப்போது என்னிடம் அவ்வளவு ஆங்கிலம் இருக்கவில்லை. சும்மா சிரித்துவிட்டு வந்தேன்.

நடந்தது அதுதான். ஊரில் பிரச்சினை முற்றிய காலத்தில் நானும் இவரும் கல்யாணமான கையோடு ஜேர்மனிக்கு ஓடினோம். அந்த நாட்களில் எங்கள் சனம் அலையலையாகப் போய் இறங்கியது. அரசாங்கம் பழைய ஹொட்டேல், பழைய பள்ளிக்கூடம், பூட்டிக் கிடந்த மாளிகை என்று எது கையில் கிடைத்ததோ அதில் எங்களை இருத்தியது. எங்களுக்கு வாய்த்தது, பஸ் நாளைக்கு இரண்டு தரம் மட்டும் வந்து போகும் ஒரு கிராமத்தில் இந்த மாளிகை.

மகள் அந்தப் பக்கத்தின் தலைப்பைத் தட்டினாள். மாளிகையும் அதன் தோட்டமும்: ஒரு வரலாறு. அவளே ஆங்கிலத்தில் உரத்து வாசித்தாள். முந்நூறு வருசத்துக்கு முன் ஒரு பிரபு, பக்கத்து ஊர்ப் பிரபுவின் வீட்டைவிடத் தன் வீடு பெரிதாக இருக்க வேண்டும் என்று கட்டினானாம். தோட்டம் போட பிரான்சிலிருந்து ஆள் கூப்பிட்டானாம். அந்த ஆள் கோடு பிடித்து, புதர் நட்டு, நடுவில் நீரூற்று வைத்து, மாளிகை வாசலிலிருந்து சிற்றாலயத்து மதில்வரை நேர்கோட்டில் எலுமிச்சை வாசப் பூப்பூக்கும் மரங்களை வரிசையாக வைத்தானாம். பேரன் காலத்தில் அந்தப் பாணி பழசாகிப் போக, எல்லாவற்றையும் பிடுங்கிப் புல் விதைத்தார்களாம். பிறகு யுத்தம் வந்தது, மாளிகை ராணுவ ஆஸ்பத்திரி. யுத்தம் முடிந்தது, கிழக்கிலிருந்து துரத்தப்பட்ட ஜேர்மன் குடும்பங்கள். அதன் பிறகு பிள்ளைகளின் விடுமுறை இல்லம்.

“அதன் பிறகு சில ஆண்டுகள் மாளிகை காலியாகக் கிடந்தது” என்று வாசித்துவிட்டு அவள் அடுத்த வரிக்குப் போய்விட்டாள்.

“நில்லு. உந்த வரியைத் திரும்ப வாசி.”

திரும்ப வாசித்தாள். காலியாகக் கிடந்தது.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அந்தச் சில ஆண்டுகள் எங்களுடைய ஆண்டுகள். அந்த மண்டபத்தில் தமிழ் மட்டுமா கேட்டது? ஈரானியர் இருந்தார்கள், கானாக்காரர் இருந்தார்கள், எரித்திரியாப் பெண்கள் இருந்தார்கள். நாங்கள் மிளகாய் பொரித்தால் மூன்றாம் மாடியில் இருக்கிறவன் இருமுவான். நான் உடனே மெல்பேர்ணுக்கு ஃபோன் எடுத்தேன். அங்கே பொயிண்ட் குக்கில் இருக்கிறவள், மாளிகையில் எங்களுக்குப் பக்கத்து அறைக்காரி. இன்றுவரை கிழமைக்கொரு தரம் கதைப்போம்.

“எடியே, நாங்கள் இருந்த காலத்தில மாளிகை காலியாம்” என்றேன்.

“காலியோ? விடியக்காலமை கக்கூசுக்கு லைனில நிண்ட எனக்குத் தெரியும், அது காலியோ இல்லையோ எண்டு” என்றாள். இரண்டு பேரும் கண்ணீர் வரச் சிரித்தோம். ஃபோனை வைத்த பிறகும் எனக்குக் கண்ணீர் நிற்கவில்லை. மகள் பயந்துபோய் எழுந்து வந்து தோளைப் பிடித்தாள். அவளுக்குத் தெரியும். அந்த மாளிகையில் அவளுக்கு முன்னால் ஒரு பிள்ளை பிறந்தது என்று அவளுக்கு நாங்கள் சொல்லித்தான் வளர்த்தோம். எங்கள் வீட்டில் அவனைப்பற்றிப் பேசினால் ‘தம்பி’ என்றுதான் பேசுவோம். பிறந்த ஆண்பிள்ளையை அப்படித்தானே கூப்பிடுகிறோம். முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்துப் பெயர் வைப்பதற்குள் அவன் போய்விட்டான். ஆஸ்பத்திரிக் கடதாசிக்காக இவர் ஏதோ ஒரு பெயர் சொன்னார். அந்தப் பெயரால் நான் அவனை ஒரு நாளும் கூப்பிட்டதில்லை.

எங்களுக்குக் கிடைத்த இடம் மாளிகையின் நடன மண்டபம். ஒரு காலத்தில் பிரபுவின் விருந்தாளிகள் விசிறி பிடித்துக்கொண்டு ஆடிய இடத்தை ஒட்டுப்பலகையால் தடுத்து, பெட்டி பெட்டியாக அறைகள் ஆக்கியிருந்தார்கள். பலகை ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே நின்றுவிடும். அதற்கு மேலே எல்லாருக்கும் பொதுவான கூரை. கூரை முழுக்க ஓவியம். மேகம், தேர், அரைகுறை உடுப்போடு தேவர்கள், மேகத்தின் ஓரமெல்லாம் சிறகு வைத்த கொழுத்த குழந்தைகள். முதல் நாள் படுத்துக்கொண்டு மேலே பார்த்த இவர், “பாரும், எங்கட நல்லூர்க் கோபுரத்தில இருக்கிறவையின்ர சொந்தக்காரர் போல” என்றார். சுவரில் பிரபுவின் படம் ஒன்று கழற்றாமல் விட்டிருந்தார்கள். செம்மறியாட்டுக் குட்டியைத் தலையில் கவிழ்த்ததுபோல் பொய்மயிர் வைத்திருப்பார். குளிர் கூடிய நாட்களில் இவர் அந்தப் படத்தைப் பார்த்து, “ஐயா, அந்தத் தொப்பியை ஒருக்காத் தாரும்” என்று கேட்பார். அந்த வயதில் எங்களுக்குச் சிரிக்க இவ்வளவு போதும்.

வேலை செய்ய அனுமதி இல்லை. ஊரை விட்டு வெளியே போக அனுமதி இல்லை. ஆகையால் பின்பக்கத் தோட்டத்தைக் கொத்தினோம். புல்லும் முள்ளும் மண்டிக் கிடந்த அந்த நிலத்தில்தான் பிரான்ஸ்காரன் கோடு பிடித்த பாத்திகள் இருந்தன என்று எங்களுக்கு யார் சொல்ல? கொத்தும்போது மண்வெட்டியில் வளைவு வளைவாகக் கல் கட்டு தட்டுப்படும். இவர் அதைத் தோண்டி எடுத்து அடுப்புக் கட்டினார். நான் பச்சை மிளகாயும் தக்காளியும் வெந்தயக் கீரையும் போட்டேன். கிராமத்திலிருந்து ஒரு கிழவி முட்டை விற்க வருவாள். முட்டை அன்ரி என்று பெயர் வைத்தோம். அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு ஜேர்மன் தெரியாது. ஆனாலும் நான் கர்ப்பம் என்று இவருக்குச் சொல்வதற்கு முதல் அவள் கண்டுபிடித்துவிட்டாள். அடுத்த கிழமை முட்டைக் கூடைக்குள் ஒரு சோடி கம்பளிக் காலுறை இருந்தது. என் பெருவிரல் அளவு.

தம்பி பனி கொட்டும் மாரிகாலத்தில் பிறந்தான். நல்ல நிறை. தலை நிறைய மயிர். ஒட்டுப்பலகைக்கு அந்தப் பக்கம் இருந்த கானாக்காரன், பிள்ளை அழுதால் பலகையைத் தட்டிப் பாட்டுப் படிப்பான். தம்பி உடனே நிறுத்திவிடுவான். அவன் மல்லாந்து கிடந்து கூரைப் படத்தைக் கண் வெட்டாமல் பார்ப்பான். தன்னைப்போலவே உடுப்பில்லாமல் மேலே கிடக்கிற குழந்தைகளோடு ஏதோ கதைப்பதாக நாங்கள் சொல்லிச் சிரிப்போம்.

ஒரு காலை பால் கொடுக்கத் தூக்கினேன். குளிர்ந்திருந்தான்.

டொக்டர்மார் காரணம் ஒன்றும் சொல்லவில்லை. சில குழந்தைகளுக்கு நித்திரையில் இப்படி நடக்கும், உங்களுடைய பிழை இல்லை என்று மொழிபெயர்க்க ஆள் வைத்துச் சொன்னார்கள். நான் அதை நம்பினேனா இல்லையா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. மாளிகைப் பொறுப்பாளர் வந்து இவரிடம், எரிக்க வேண்டுமா, புதைக்க வேண்டுமா என்று கேட்டார். இந்துக்கள் எரிப்பார்கள் என்று அந்த மனிதர் எங்கோ வாசித்திருக்கிறார். பக்கத்து நகரத்தில் அதற்கு வசதி இருக்கிறது, ஏற்பாடு செய்யலாம் என்றார். இவர் தலையை ஆட்டினார்.

“இல்லை. எங்கட ஆக்கள் பச்சைப்பிள்ளையை எரிக்கிறேல்லை. மண்ணில தாக்கிறதுதான்.”

அது சரிதான். எங்கள் வீடுகளில் குழந்தையை நெருப்பில் வைக்க மாட்டோம். மண்ணில்தான் வைப்போம். திதி, திவசம் ஒன்றும் இல்லை. மண்ணே பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடுவோம். நான் பலகைக்கு இந்தப் பக்கம் படுத்திருந்து இவர் சொன்னதைக் கேட்டேன். இவர் சொல்லாவிட்டால் நானே எழும்பிப் போய்ச் சொல்லியிருப்பேன்.

சிற்றாலயத்துக்குப் பின்னால், தோட்டத்து மதிலை ஒட்டிச் சின்ன மயானம் ஒன்று இருந்தது. ஊர்ப் பாதிரியார் ஒரு கேள்வியும் கேட்காமல் இடம் கொடுத்தார். ஆண்கள் மட்டும் போனார்கள். எங்கள் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. நான் கட்டிலில் கிடந்தேன். மார்பில் பால் கட்டி நெருப்பாய்க் கொதித்தது. கண்ணைத் திறந்தால் கூரையில் குழந்தைகள். மூடினாலும் அவர்கள்தான். கொழுத்துச் செழித்து, சிறகை விரித்து, ஒன்றுக்கும் சாகாத குழந்தைகள். மண்ணும் பனியும் ஒட்டிய சப்பாத்தோடு திரும்பி வந்த இவர் என் முகத்தைப் பார்த்தார். பெட்டியைத் திறந்து என்னுடைய வெள்ளைச் சேலையை எடுத்தார். கதிரையில் ஏறி, ஒட்டுப்பலகையின் நாலு மூலையிலும் ஆணி அடித்துச் சேலையை இழுத்துக் கட்டினார். ஊரில் நல்லது கெட்டதுக்கு வெள்ளை கட்டுவதுபோல. கூரை மறைந்தது. அந்த மாளிகையை விட்டுப் போகும்வரை நாங்கள் அதை அவிழ்க்கவில்லை.

இளவேனில் வந்த பிறகு முட்டை அன்ரி என் கையைப் பிடித்து மயானத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். சுடலைக்குப் பெண் போவதில்லை என்று அவளுக்கு எந்த மொழியில் சொல்வது? போனேன். மதிலோரம், பெரிய மரத்தின் கீழ் உள்ளங்கை அகலத்தில் ஒரு கல். அதன் முன்னால் சிவப்புக் கண்ணாடிக்குள் அவள் ஏற்றி வைத்த விளக்கு. அதன் பிறகு நான் தனியாகவே போய்வரத் தொடங்கினேன். இவர் வரமாட்டார். புதைத்த நாளுக்குப் பிறகு அந்தப் பக்கம் தலை வைத்தும் படுக்கவில்லை. கோபித்துப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். பிறகு விட்டுவிட்டேன்.

சிட்னியிலிருந்து என் அண்ணன் எங்களை ஸ்பொன்சர் பண்ணினார். விசா வந்தது. புறப்படுகிற காலையில் நான் மட்டும் மயானத்துக்குப் போனேன். குந்தியிருந்து கல்லைத் துடைத்தேன். “தம்பி, அம்மா போட்டு வாறன்” என்றேன். வேறென்ன சொல்வோம்? எங்கள் வாயில் ‘போறன்’ வராது. செத்த வீட்டில் மட்டும்தான் சொல்லாமல் வருவோம். மற்ற எங்கே போனாலும், அடுத்த தெருவுக்குப் போனாலும், போட்டு வாறன்தான். திரும்பி வருவேன் என்ற வாக்கு அதற்குள்ளேயே இருக்கிறது. முட்டை அன்ரி நெஞ்சில் கை வைத்து, தான் பார்த்துக்கொள்வதாகச் சைகை காட்டினாள். பார்த்துக்கொண்டாள். நத்தாருக்கு நத்தார் கிறிஸ்மஸ் வாழ்த்து அட்டையோடு கல்லின் படமும் வரும். பிறகு ஒரு வருசம் வரவில்லை. அவளுக்கு வயது போய்விட்டது என்று விளங்கியது.

சிட்னிக்கு வந்ததும் அடுத்த வருசம் போவோம் என்றோம். மகள் பிறந்தாள், அவள் கொஞ்சம் வளரட்டும் என்றோம். வீடு வாங்கினோம். அவள் பல்கலைக்கழகம் போனாள். அவசரம் ஒன்றும் இல்லை என்றுதான் நினைத்தோம். மண்ணில் வைத்தது எங்கே போய்விடும்? கல் இருக்கும், மரம் இருக்கும், என்றைக்குப் போனாலும் அவன் அங்கேயே இருப்பான். இப்போது இவருக்குச் சிறுநீரகம் பழுது. ஒன்றுவிட்ட ஒரு நாள் ஆஸ்பத்திரியில் மெசினில் போட்டு இரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். கூட்டிக்கொண்டு போய், காத்திருந்து, கூட்டிக்கொண்டு வருவது நான். விமானம் ஏறும் கதையை நாங்கள் எடுப்பதே இல்லை.

அதனால்தான் அந்தப் பின்னேரம் மகளிடம் கேட்டேன். “பிள்ளை, நீ போ. எனக்காக ஒருக்காப் போய் அந்தக் கல்லைப் பாத்துக்கொண்டு வா.” அவள் மறுபேச்சு இல்லாமல், “ஷுவர் அம்மா” என்றாள். தேனிலவில் மயானத்துக்கு அனுப்புகிற தாய் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். மாப்பிள்ளைப் பிள்ளை மலேசியத் தமிழ்ப் பிள்ளை, தங்கமான குணம். அவரும், போவோம் அன்ரி என்றார்.

கல் எந்த இடத்தில் என்று சரியாகத் தெரிந்துகொண்டு போகலாம் என்று மகள் அந்தக் கிராம சபைக் கந்தோருக்கு ஃபோன் எடுத்தாள். நல்ல ஆங்கிலம் பேசும் ஒரு பெண் கதைத்தாள். நான் பக்கத்தில் நின்று மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள், “ஓ” என்றாள். பிறகு மிக மரியாதையாக நன்றி சொல்லி வைத்தாள்.

அந்த நாட்டில் புதைகுழி ஒரு தவணைக்குத்தானாம். தவணை முடிந்தால் சொந்தக்காரர் வந்து நீட்ட வேண்டும். வராவிட்டால், தொடர்பு கொள்ளுங்கள் என்று கல்லில் ஒரு சின்னச் சீட்டு ஒட்டுவார்களாம். ஒரு பருவம் முழுக்க அது ஒட்டியிருக்குமாம். யாரும் வராவிட்டால் கல்லை எடுத்துவிட்டுப் புல் விதைப்பார்களாம். எல்லாருக்கும் அப்படித்தானாம், அவர்களுடைய சொந்தத் தாய் தகப்பனுக்கும் அப்படித்தானாம். பிறகு அந்தச் சின்ன மயானத்தையே மூடி, மாளிகைத் தோட்டத்தைப் பழைய வரைபடத்தின்படி திருத்தியபோது அதோடு சேர்த்துவிட்டார்களாம். எலும்புகளைத் தொடவில்லை, மேலே மட்டும்தான் வேலை செய்தது என்று அந்தப் பெண் திரும்பத் திரும்பச் சொன்னாளாம்.

“செத்த பிறகும் வாடகை வீடோ?” என்று கத்தினேன். யாரிடம் கத்தினேன் என்று தெரியவில்லை. மகள் அழுதுகொண்டே, “அம்மா, தே டிட் இட் ஃபோர் எவ்ரிவன்” என்றாள். எனக்கு எல்லாரும் வேண்டாம். என் பிள்ளையின் கல்லில் ஒரு சீட்டு ஒட்டிக் கிடந்திருக்கிறது. மழையில் நனைந்து, வெயிலில் காய்ந்து, உன்னுடைய ஆட்கள் எங்கே என்று கேட்டுக்கொண்டு கிடந்திருக்கிறது. அந்த மாதங்களில் நான் இங்கே சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கியிருப்பேன். யாருடையதோ பிறந்தநாளில் கேக் சாப்பிட்டிருப்பேன்.

இவர் பின்வளவில் கறிவேப்பிலைச் சாடிக்குப் பக்கத்தில் நின்றார். குசினி ஜன்னலால் எல்லாம் கேட்டிருக்கிறது. நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். மெசினில் போட்டுப் போட்டு முடிச்சு முடிச்சாகிப்போன கையால் ஒரு இலையைக் கிள்ளி, மணந்து, கீழே போட்டார்.

“எரிச்சிருந்தா சாம்பலையாவது கொண்டு வந்திருக்கலாம்” என்றார். “அந்த மனுசன் கேட்டவர். ஒழுங்கு செய்யிறன் எண்டு சொன்னவர். நான்தான் வேண்டாம் எண்டனான்.”

இத்தனை வருசத்தில் இவர் தம்பியைப்பற்றித் தானாக வாய் திறந்தது அன்றைக்குத்தான். எனக்கு இவரை அடிக்க வேண்டும்போலவும் இருந்தது, இவருடைய தலையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும்போலவும் இருந்தது.

“பச்சைப்பிள்ளையை ஆர் எரிக்கிறது?” என்றேன். “நீங்கள் ஓமெண்டிருந்தாலும் நான் விட்டிருக்க மாட்டன்.”

அன்றிரவு மகள் படுக்கப் போன பிறகு மடிக்கணினிப் படத்தை என் ஃபோனில் எடுத்துப் பார்த்தேன். மகள் குசினி மேசையில் காட்டிய அதே தோட்டம். கோலப் புதர்கள், நீரூற்று, நேர்கோட்டில் மரங்கள், கடைசியில் மதில். மதிலோரம் வட்டமாக ஒரு பூப்பாத்தி. இரண்டு விரலால் பெரிதாக்கினேன். இன்னும் பெரிதாக்கினேன். கடைசியில் வெறும் ஊதா நிறம் மட்டும் மிஞ்சியது.

மாளிகைக்காரருக்கும் மகள் எழுதினாள். நீங்கள் காலி என்று எழுதிய காலத்தில் என் பெற்றோர் அங்கே இருந்தார்கள் என்று. மிகவும் வருந்துவதாகவும், திருத்துவதாகவும், படம் இருந்தால் அனுப்பும்படியும் பதில் வந்தது. எங்களிடம் ஒரே ஒரு படம்தான். தாடையில்லாத சிங்கத்துக்குப் பக்கத்தில் நான் படியில் இருக்கிறேன், மடியில் துணிப்பொதிபோல் தம்பி. அதை அனுப்பினோம். நான் இதை எழுதும்வரை அந்த வரி அப்படியேதான் இருக்கிறது.

புறப்பட முதல் மகளிடம் ஒரு பிடி மண் எடுத்து வா என்றேன். அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

“அம்மா, மண் கொண்டு வர விடமாட்டினம். ஏர்போட்டில எடுத்து எறிஞ்சு போடுவினம்.”

எனக்குத் தெரியாததா? என் தங்கை கொண்டு வந்த வேப்பம்பூ வடகத்தையே என் கண் முன்னால் குப்பையில் போட்ட நாடு இது. அதே குப்பைத் தொட்டிக்குள் அந்த மண்ணும் விழுவதை நினைத்துப் பார்த்தேன். வேண்டாம் என்றேன். “அங்க ஒரு கடையில கொஞ்சம் பால் வாங்கு. அந்த இடத்தில ஊத்திவிடு. அது காணும், போதும்.”

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. அவர்கள் போனார்கள். சொன்ன நாளில் மகள் வீடியோ அழைப்பு எடுத்தாள். அங்கே காலை, இங்கே பின்னேரம். நானும் இவரும் குசினி மேசையில் ஃபோனைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்துக்கொண்டு பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருந்தோம். இவர் அன்றைக்கு மெசினில் போட்டு வந்தவர், களைத்துப்போயிருந்தார். படுங்கோ என்றால் கேட்கவில்லை. நல்ல சட்டை ஒன்று எடுத்துப் போட்டிருந்தார்.

முதலில் மண்டபத்தைக் காட்டினாள். பலகைகள் போய், தரை கண்ணாடிபோல் மினுங்கியது. “அம்மா, சீலிங் பாருங்கோ, சோ பியூட்டிஃபுல்” என்று ஃபோனை மேலே தூக்கினாள். “காட்டாதை, கீழ இறக்கு” என்றேன். இவர் மேசைக்குக் கீழே என் கையைப் பிடித்தார்.

பிறகு தோட்டத்தால் நடந்தாள். சரளைக்கல் அவள் காலடியில் நொறுங்கும் சத்தம் கேட்டது. என் மிளகாய்ப் பாத்தி இருந்த இடத்தில் புதர்கள் வளைந்து வளைந்து போயின. மரவரிசை. மதில். மதிலோரம் அந்த வட்டப் பாத்தி. பெரிய மரம் இல்லை, அதைத் தறித்துவிட்டார்கள். ஆனாலும் மதிலில் ஒரு கல் பிதுங்கி நிற்கும், நான் அதில் கை ஊன்றித்தான் எழும்புவேன். அந்தக் கல் அப்படியே இருந்தது.

“அதுதான்” என்றேன். “அதுக்கு நேர கீழ.”

மாப்பிள்ளை ஃபோனைப் பிடித்துக்கொண்டார். மகள் ஊதாப் பூக்களுக்குப் பக்கத்தில் குந்தினாள். கைப்பையிலிருந்து சின்னப் பால் பெட்டியை எடுத்து, ஒரு மூலையைக் கிழித்து, சுற்றிவர யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டு ஊற்றினாள். வெள்ளையாகக் கொஞ்ச நேரம் நின்று, மண் குடித்துவிட்டது. அன்றைக்குக் கொடுக்காமல் போன பால். எனக்கு மார்பு வலித்தது. இந்த வயதிலும் வலித்தது.

இவர் ஃபோனுக்குக் கிட்டக் குனிந்தார். “பிள்ளை, அந்த இடத்தில வெயில் படுதோ?” என்று கேட்டார். “நான் வைக்கேக்க மண் ஒரே ஐஸ். கொத்தவே ஏலாமல் கிடந்தது.”

“ஓம் அப்பா. நல்லாப் படுது” என்றாள். உள்ளங்கையை மண்ணில் வைத்துப் பார்த்தாள். “வோர்மா இருக்கு.”

இவர் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். புதைத்த அன்றைக்கு அழாத மனிதர்.

தூரத்தில் யாரோ ஒரு கூட்டத்தை அழைத்துக்கொண்டு வரும் குரல் கேட்டது. மகள் எழும்பினாள். முழங்காலில் மண் ஒட்டியிருந்தது. எங்கள் வீட்டில் அவன் என்றைக்கும் தம்பி. நாங்கள் சொல்வதைக் கேட்டு அவளும் அப்படியேதான் சொல்வாள். அன்றைக்கு என்ன நினைத்தாளோ, பூக்களைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, தன் உடைந்த தமிழில், “அண்ணா, நான் போட்டு வாறன்” என்றாள்.

“அப்பிடிச் சொல்லாதை, பிள்ளை!” என்று நான் கத்திவிட்டேன். மாப்பிள்ளையின் கையில் ஃபோன் ஆடியது. “போறன் எண்டே சொல்லு. நீ திரும்பி வருவாய் எண்டு அவன் பாத்துக்கொண்டு இருப்பான்.”